எமர்ஜென்சி மோடில் நிற்கும் சர்வர்: லினக்ஸ் ரெய்டு மவுன்ட் ஆகாதபோது நான் பார்ப்பவை

சிறு அலுவலகங்கள், போட்டோ ஸ்டுடியோக்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள் வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டெஸ்க்டாப் கேபினட், உள்ளே இரண்டு முதல் நான்கு ஹார்டு டிஸ்க், அவற்றின் மேல் எம்டிஏடிஎம் (mdadm) என்ற கருவி கொண்டு அமைத்த சாஃப்ட்வேர் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக (அரே) இணைக்கும் ஏற்பாடு, அதற்கு மேல் கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா. மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஒரு நாள் கரண்ட் போய் வரும், யுபிஎஸ் பேட்டரி தாங்காது, சர்வர் திரும்ப எழும்போது கறுப்புத் திரையில் எமர்ஜென்சி மோட் என்று நின்றுவிடும். உடனே போன் வரும்: "தம்பி, டேட்டா எல்லாம் போச்சா?"

நான் பார்த்த வரையில் அந்த நேரத்தில் டேட்டா பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கிறது. பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரம் அடிக்கும் கட்டளைகள்தான் அதைக் காலி செய்கின்றன. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: பூட் ஆகாத காரணம் தெரியும்வரை டிஸ்கில் ஒரு பைட் கூட எழுதக் கூடாது.

காரணத்தைத் தேட, பூட் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். லினக்ஸின் மையமான கெர்னல் எழுந்ததும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பு அமைப்பு மெமரியில் ஏறும். எம்டிஏடிஎம் கருவியும் அதன் கான்ஃபிக் கோப்பின் ஒரு நகலும் அதற்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு டிஸ்க் கண்ணில் படும்போதும் டிவைஸ்களைக் கவனிக்கும் யூடெவ், அதிலுள்ள சூப்பர்பிளாக்கை, அதாவது அரே விவரம் எழுதிய சிறு பகுதியைப் படிக்கவைத்து, இது எந்த அரேயைச் சேர்ந்தது என்று பார்த்துச் சேர்க்கும். எல்லாரும் வந்துவிட்டால் அரே ஓடத் தொடங்கும். யாராவது வராவிட்டால், சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் 30 விநாடி பொறுத்துவிட்டு, இருப்பவர்களை வைத்து ஓட்டப் பார்க்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் எதை எந்த அடைவில் மவுன்ட் செய்ய (இணைக்க) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதியிருக்கும் டிவைசை சிஸ்டம்டி தேடும். வழக்கமாக 90 விநாடி தேடும். கிடைக்காவிட்டால் எமர்ஜென்சி மோட். ஆக, அந்தத் திரை சொல்வது, "நான் தேடிய பெயரில் ஒரு டிவைஸ் வரவில்லை" என்பதை மட்டும்தான். டிஸ்க் செத்ததா, பெயர் மாறியதா, அரே பாதியில் நின்றதா என்று அது சொல்லாது.

பழைய கட்டுரைகள் சிலவற்றில், பார்ட்டிஷன் வகையை எஃப்டி என்று மாற்றினால் கெர்னலே அரேயைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று போட்டிருப்பார்கள். அது 0.90 பதிப்பு சூப்பர்பிளாக்குக்கு மட்டும் பொருந்தும். 2010-ஐ ஒட்டி எம்டிஏடிஎம் 1.2 பதிப்பை இயல்பாக எழுதத் தொடங்கிவிட்டது. அதைக் கெர்னல் தானாகச் சேர்க்காது. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் கருவிதான் சேர்க்க வேண்டும்.

சரி, முன்னால் போய் உட்கார்ந்ததும் முதல் வேலை உள்ளே நுழைவது. ரூட் பாஸ்வேர்டு இருந்தால் எமர்ஜென்சி மோடிலேயே ஷெல் கிடைக்கும். டெபியனில் ரூட் பாஸ்வேர்டு வைக்காமல் நிறுவியிருந்தால், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி வெளியே தள்ளிவிடும். அப்போது லைவ் யுஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டுத்தான் போக வேண்டும். இயங்குதளம் தனி எஸ்எஸ்டியிலும் டேட்டா மட்டும் ரெய்டிலும் இருந்தால் வேலை எளிது: ரூட் பார்ட்டிஷனை எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்து, எஃப்எஸ்டேப்பில் ரெய்டு வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு அதை நிறுத்திவைத்து, ரீபூட் செய்தால் சர்வர் ஒழுங்காக எழும். அப்புறம் நெட்வொர்க்கோடு நிதானமாகப் பார்க்கலாம். எழுதக் கூடாது என்று சொன்னது ரெய்டு டிஸ்க்குகளைப் பற்றி. எஸ்எஸ்டியில் ஒரு ஹேஷ் போடுவதால் ஒன்றும் ஆகாது.

லைவ் யுஎஸ்பியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில லைவ் சிஸ்டங்கள் அரேயைப் பார்த்ததும் தானாகவே சேர்த்து, ரீசிங்கையும் (டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி எழுதுவதை) தொடங்கிவிடும். கெர்னலில் ரெய்டைப் பார்த்துக்கொள்ளும் எம்டி மாட்யூலுக்கு ஸ்டார்ட்-ஆர்ஓ என்று ஒரு அளவுரு உண்டு. அதை 1 என்று வைத்துவிட்டு அரேயைச் சேர்த்தால், முதல் எழுத்து நடக்கும்வரை அது படிக்க மட்டும் என்ற நிலையிலேயே இருக்கும். ரீசிங்கும் தொடங்காது.

உள்ளே நுழைந்ததும் நான் தொடும் கட்டளைகள் எல்லாம் படிக்க மட்டுமானவை. அரேக்களின் நிலையைக் காட்டும், ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பு, டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ்பிளாக், பிளாக்ஐடி, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எம்டிஏடிஎம் எக்ஸாமின். எக்ஸாமின் தரும் முழு விவரத்தையும் ஒரு பென்டிரைவில் சேமித்த பிறகுதான் அடுத்த வேலை. ஒவ்வொரு டிஸ்க்கும் அரேயில் எத்தனையாவது இடம், சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ச்சியாக எழுதும் துண்டின் அளவு) என்ன, டேட்டா எங்கே தொடங்குகிறது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். பின்னால் ஏதாவது விபரீதம் நடந்தால் மீட்க உதவுவது இந்தச் சிறிய உரைக்கோப்புதான். அது இல்லாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எம்டிஸ்டாட்டைத் திறந்ததும் அடிக்கடி கண்ணில் படுவது எம்டி127. எஃப்எஸ்டேப்பில் எம்டி0 என்று எழுதியிருக்கும். இங்கே அரே எம்டி127 என்ற பெயரில் முழு ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் கான்ஃபிக் நகலில் இந்த அரேயைப் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது, அல்லது சூப்பர்பிளாக்கில் எழுதியிருக்கும் ஹோஸ்ட் பெயர் இந்தக் கணினியின் பெயரோடு பொருந்தாதபோது, எம்டிஏடிஎம் அதை அயலூர் அரே என்று எடுத்துக்கொண்டு 127-லிருந்து கீழ்நோக்கி எண் கொடுக்கிறது. அரேயை உருவாக்கிய அன்று எம்டி0 என்று வேலை செய்யும், முதல் ரீபூட்டில் 127 ஆகிவிடும். டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை.

இதற்கு இரண்டு திருத்தம் வேண்டும். டீடெயில், ஸ்கேன் என்ற இரண்டு தெரிவுகளோடு எம்டிஏடிஎம்-மை ஓட்டினால் அரே பற்றிய ஒரு வரி வரும். டெபியன், உபுண்டுவில் ஈடிசி அடைவுக்குள் எம்டிஏடிஎம் என்ற துணை அடைவில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் அதைச் சேர்க்க வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தில் அந்தக் கோப்பு நேரடியாக ஈடிசி அடைவிலேயே இருக்கும். ஏற்கெனவே அதே அரேக்குப் பழைய வரி இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். அடுத்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்ட வேண்டும்: டெபியன் வழியில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோரா, ரெட் ஹேட் வழியில் டிராகட். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கான்ஃபிக் கோப்பு சரியாகவே இருக்கும், ஆனால் பூட் நேரத்தில் படிக்கப்படுவது உள்ளே இருக்கும் பழைய நகல். எத்தனை ரீபூட் செய்தாலும் 127 போகாது.

எஃப்எஸ்டேப்பில் எம்டி0 என்ற பெயரே வேண்டாம் என்பது என் கட்சி. கோப்பு அமைப்பின் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணைப் போடுங்கள், பெயர் என்னவாக மாறினாலும் மவுன்ட் ஆகும். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. அரேக்கு ஒரு யூயூஐடி உண்டு, அதன் மேல் இருக்கும் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு அமைப்புக்கு வேறொரு யூயூஐடி உண்டு. எம்டிஏடிஎம் காட்டும் அரே யூயூஐடி, எட்டெட்டு எழுத்தாக நான்கு தொகுப்பு, நடுவில் முக்காற்புள்ளி. பிளாக்ஐடி காட்டும் கோப்பு அமைப்பு யூயூஐடியில் ஐந்து தொகுப்பு, நடுவில் சிறுகோடு. எஃப்எஸ்டேப்புக்குச் சிறுகோடு போட்டது, எம்டிஏடிஎம் கான்ஃபிக்குக்கு முக்காற்புள்ளி போட்டது. பிளாக்ஐடியிலும் உறுப்பினர் டிஸ்க்குகளின் வரியைப் பார்க்காமல், எம்டி டிவைசின் வரியைத்தான் பார்க்க வேண்டும். உறுப்பினர் டிஸ்க்குகளுக்கு எதிரே லினக்ஸ் ரெய்டு மெம்பர் என்று வகை போட்டிருக்கும். அந்த வரியிலுள்ள எண்ணை எடுத்து எஃப்எஸ்டேப்பில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு நான் போனிலேயே தீர்வு சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நிலை கொஞ்சம் கவலை தருவது: எம்டிஸ்டாட்டில் அரே பெயருக்கு எதிரே இன்ஆக்டிவ் என்று இருக்கும், ஒவ்வொரு டிஸ்க்கின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் எஸ் என்று இருக்கும். எஸ் என்றால் ஸ்பேர் (சும்மா காத்திருக்கும் மாற்று டிஸ்க்) என்று படித்திருப்பவர்கள், டிஸ்க் எல்லாம் ஸ்பேராக மாறிவிட்டது என்று அலறிவிடுவார்கள். அரே ஓடத் தொடங்காதவரை எல்லா உறுப்பினர்களையும் கெர்னல் அப்படித்தான் காட்டும். டிஸ்க்குகளின் உண்மையான பதவி எக்ஸாமினில் டிவைஸ் ரோல் என்ற வரியில் இருக்கிறது. அதைப் பாருங்கள்.

இன்ஆக்டிவ் ஆனதற்கு, ஒரு டிஸ்க் தாமதமாக எழுந்தது என்பது எளிய காரணம். அரேயை ஸ்டாப் செய்துவிட்டு, அசெம்பிள், ஸ்கேன் என்று திரும்பக் கூப்பிட்டால் எழுந்துவிடும். நம் ஊரில் இதைவிட அதிகம் வருவது வேறு. ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 5 அரேயில் ஒரு டிஸ்க் ஏற்கெனவே விலகியிருக்கும். அந்த நிலையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கும். திரும்ப எழும்போது கெர்னல், அழுக்கும் குறையுமாக இருக்கும் இந்த அரேயை நான் தொடங்க மாட்டேன் என்று டிமெசேஜில் எழுதிவிட்டு நின்றுவிடும். அது பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் இல்லாவிட்டால் அதன் டேட்டாவை மற்றவற்றையும், பேரிட்டி என்று கூடவே எழுதிவைக்கும் சரிபார்ப்புத் தகவலையும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும். கரண்ட் போன நொடியில் டேட்டா எழுதப்பட்டு பேரிட்டி எழுதப்படாமல் இருந்தால், அந்தக் கணக்கு தப்பாக வரும். யாரும் தொடாத பழைய கோப்பில்கூடத் தப்பு விழலாம். அதனால் முடிவை மனிதனிடம் விடுகிறது. பேக்அப் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, ஃபோர்ஸ் தெரிவோடு அசெம்பிள் செய்து, படிக்க மட்டும் மவுன்ட் செய்து, முக்கியமானதை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவதுதான் நான் போகும் வரிசை. பூட் வரியில் ஓர் அளவுருவைச் சேர்த்து, இப்படிப்பட்ட அரேயை எப்போதும் தானாகவே தொடங்கவைக்கலாம். அதை நிரந்தரமாக வைப்பதை நான் ஏற்பதில்லை. கரண்ட் நிலவரம் மோசமான ஊரில் அது மிகவும் ஆபத்து.

ஃபோர்ஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஈவன்ட் எண். அரேயின் நிலை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு உறுப்பினரின் சூப்பர்பிளாக்கிலும் இந்த எண் ஏறிக்கொண்டே போகும். எல்லா டிஸ்க்கிலும் ஒரே எண் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றில் மட்டும் பத்து இருபது குறைந்திருந்தால், கடைசி நிமிடக் குழப்பத்தில் பின்தங்கியது, அதைச் சேர்க்கலாம். ஆயிரக்கணக்கில் குறைந்திருந்தால் அது எப்போதோ விலகிப்போன டிஸ்க். பக்கத்திலேயே அப்டேட் டைம் என்று தேதியும் இருக்கும்.

ஓர் ஆடிட்டர் ஆபீசில் நான்கு டிஸ்க் ரெய்டு 5 எழவில்லை என்று போனேன். இரண்டு டிஸ்க் வெளியே நின்றது. ஒன்றின் அப்டேட் டைம் அன்றைய காலை. மற்றொன்றின் தேதி அதற்குப் பல மாதம் முன்னால். பழைய டிஸ்க் எப்போதோ விலகியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அன்று காலை ஒரு சாட்டா கேபிள் தளர்ந்ததும் இரண்டாவது டிஸ்க்கும் போனது. கேபிளை மாற்றி, அந்தப் புதிய தேதி டிஸ்க்கோடு சேர்த்து மூன்றை மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்து ஃபோர்ஸ் செய்ததும் எழுந்துவிட்டது. பல மாதப் பழைய டிஸ்க்கையும் சேர்த்து வம்படியாக எழுப்பியிருந்தால், கோப்புகளின் பாதி இன்றைய நிலையிலும் பாதி பழைய நிலையிலும் கலந்து போயிருக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். ஆபீஸ் அண்ணன் அன்று முழுக்க என் பக்கத்திலேயே நின்றார். வரித் தாக்கல் நேரம். அவருடைய பதற்றம் எனக்கும் புரிந்தது.

டிஸ்க் ஏன் சத்தமில்லாமல் விலகுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், படிக்க முடியாத செக்டர் ஒன்று வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று இணைப்பை ரீசெட் செய்யும், அந்தக் குழப்பத்தில் எம்டி அந்த டிஸ்க்கையே வெளியேற்றிவிடும். ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் போய்விடுகிறது. ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி என்ற அமைப்பை 70 என்று (பத்தில் ஒரு விநாடிக் கணக்கில்) வைத்தால், 7 விநாடியில் டிஸ்க் கையை விரித்துவிடும். எம்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்த செக்டரைக் கணக்கிட்டுத் திரும்ப எழுதிக்கொள்ளும். சில டிஸ்க்குகள் இதை ஏற்காது. அவற்றுக்குக் கெர்னலின் பொறுமையை 180 விநாடியாக ஏற்றிவிட வேண்டும். இரண்டு அமைப்பும் கணினியை அணைத்தால் மறந்துபோகும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் ஓடுகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்டிலோ யூடெவ் விதியிலோ போட்டுவைக்க வேண்டும்.

இனி, எம்டிஸ்டாட்டில் ஒன்றுமே இல்லாத நிலை. அரே என்ற ஒன்று இருந்ததற்கான தடமே இருக்காது. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டேட்டா முழுதாக இருக்கும்போதே அதை மனிதர்கள் தங்கள் கையால் அழிப்பது இங்கேதான் நடக்கிறது.

ஒரு போட்டோ ஸ்டுடியோ. மூன்று 4 டிபி டிஸ்க், ரெய்டு 5, பல வருடக் கல்யாணப் படங்களும் வீடியோக்களும். இடி விழுந்து மதர்போர்டு போனது. புதிய போர்டு போட்டார்கள். இயங்குதளம் எழுந்தது, ரெய்டு வரவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே எடிட்டிங் பார்க்கும் பையன் நெட்டில் தேடி வைத்திருந்தான். "அண்ணே, கிரியேட்னு ஒரு கட்டளை இருக்கு. அதைப் போட்டா அரே திரும்ப வந்துடுமாம்ண்ணே." "தம்பி, அதை மட்டும் தொடாதே. டைப் பண்ணினதையும் அழிச்சிடு" என்றேன். நல்ல பையன், என்டர் தட்டாமல் காத்திருந்தான்.

எக்ஸாமின் போட்டுப் பார்த்தால், இரண்டு டிஸ்க்கில் எம்டி சூப்பர்பிளாக்கே இல்லை. அதற்குப் பதில் எம்பிஆர் மேஜிக் என்று ஒரு வரி, கீழே ஈஈ வகைப் பார்ட்டிஷன் ஒன்று. மூன்றாவது டிஸ்க்கில் மட்டும் சூப்பர்பிளாக் நலமாக இருந்தது. ஈஈ என்றால் அந்த டிஸ்க்கில் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது என்று அடையாளம். அதைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது.

அரேயைக் கட்டியவர் டிஸ்க்கில் பார்ட்டிஷன் போடாமல், முழு டிஸ்க்கையும் அப்படியே எம்டிஏடிஎம்-மிடம் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு டிஸ்க்குகள் அதற்கு முன் வேறு கணினியில் ஜிபிடி பார்ட்டிஷனோடு இருந்தவை. ஜிபிடி தன் அட்டவணையை இரண்டு இடத்தில் வைக்கும்: டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசி 33 செக்டரில் அதன் பேக்அப். அரே கட்டும்போது தொடக்கத்தில் இருந்தது போய்விட்டது, கடைசியில் இருந்தது அழியாமல் தங்கிவிட்டது. யூஇஎஃப்ஐ (பூட்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) உள்ள சில போர்டுகள் பூட் ஆகும்போது இதைப் பார்த்து, முன்னால் இருக்க வேண்டிய ஜிபிடி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, பேக்அப்பிலிருந்து எடுத்து எழுதிச் சரிசெய்துவிடும். யாரையும் கேட்காது. முன்பக்க ஜிபிடி முதல் 34 செக்டரை எடுத்துக்கொள்ளும். 1.2 பதிப்பு சூப்பர்பிளாக் இருப்பது 4096-ஆவது பைட்டில், அதாவது எட்டாவது செக்டரில். நேராக அதன் தலையில் எழுதப்பட்டுவிட்டது. மூன்றாவது டிஸ்க் பின்னாளில் புதிதாக வாங்கிப் போட்டது, அதில் ஜிபிடி இருந்ததே இல்லை, அதனால் தப்பித்தது.

நல்ல செய்தி என்னவென்றால், படங்கள் இருக்கும் பகுதியை யாரும் தொடவில்லை. அந்த அரேயில் டேட்டா தொடங்குவதே டிஸ்க்கின் முதல் 128 எம்பி தாண்டித்தான். தொலைந்தது முகவரி எழுதிய சீட்டு மட்டும். சூப்பர்பிளாக்கைத் திரும்ப எழுத கிரியேட் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பையன் சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் வெறும் கிரியேட் போட்டால் எம்டிஏடிஎம் இன்றைய தன் இயல்பு அளவுகளை எடுத்துக்கொள்ளும். அவை அரே கட்டிய காலத்தின் அளவுகளாக இருக்க வேண்டியதில்லை. டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்) வேறாக இருக்கலாம், சங்க் வேறாக இருக்கலாம், டிஸ்க் வரிசை மாறலாம். அதோடு உடனே மறுகட்டுமானத்தையும் தொடங்கி, தப்பான வரிசையில் ஒரு டிஸ்க் முழுக்க எழுதித் தள்ளிவிடும். அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

அதனால் முதலில் மூன்று டிஸ்க்கையும் பிளாக்டெவ் கருவியால் படிக்க மட்டும் என்று பூட்டினேன். பிறகு ஒவ்வொன்றின் மேலும் டிஎம்செட்அப் கொண்டு ஓர் ஓவர்லே போட்டேன். படிப்பது உண்மையான டிஸ்க்கிலிருந்து வரும், எழுதுவது வேறொரு டிஸ்க்கில் உள்ள கோப்புக்குப் போகும். சோதனை தப்பானால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், உண்மையான டிஸ்க் அப்படியே இருக்கும். ரெய்டு மீட்பில் இறங்குகிற யாரும் கற்க வேண்டிய முதல் வித்தை இது என்று நினைக்கிறேன்.

உயிரோடிருந்த மூன்றாவது டிஸ்க்கின் எக்ஸாமினில் எல்லா அளவும் இருந்தது: 512 கேபி சங்க், லெஃப்ட்-சிமெட்ரிக் அமைப்பு (பேரிட்டியை டிஸ்க்குகளில் வைக்கும் முறை), டேட்டா ஆஃப்செட், தான் ரோல் 2 என்ற தகவல். மற்ற இரண்டுக்கும் ரோல் 0, 1 என்று இரண்டே வரிசைதான் சாத்தியம். ஓவர்லேயின் மேல் அதே அளவுகளைக் கொடுத்து, மறுகட்டுமானம் தொடங்காதபடி அஸ்யூம்-கிளீன் தெரிவோடு கிரியேட் செய்தேன். ஒரு வரிசையில் பிளாக்ஐடி எதையும் காட்டவில்லை. மாற்றிப் போட்டதும் எக்ஸ்ட்4 என்றது. எஃப்எஸ்சிகே-யை எதையும் திருத்தாமல் சொல்ல மட்டும் சொல்லும் தெரிவில் ஓட்டினேன், சுத்தம். படிக்க மட்டும் மவுன்ட் செய்ததும் ஸ்டுடியோ அண்ணன் ஒரு படத்தைத் திறந்து பார்த்து, "வந்துடுச்சு தம்பி!" என்றார்.

நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சங்க் 512 கேபி இருக்கும் அரேயில் அதைவிடச் சிறிய படம் ஒன்று ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடலாம். வரிசையோ அமைப்போ தப்பாக இருந்தாலும் அப்படிப்பட்ட படம் சில சமயம் ஒழுங்காகத் திறக்கும். அதனால் எதுவும் உறுதியாகாது. பெரிய கோப்பைத் திறக்க வேண்டும். 25 எம்பி ரா படங்கள் சிலவற்றையும், நீளமான வீடியோக்களின் நடுப்பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஓட்டிப் பார்த்தோம். எங்கும் சிதறல் இல்லை. அதன் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குகளுக்கு நகலெடுத்து முடித்தோம். பழைய மூன்றையும் அப்புறம்தான் துடைத்து, பார்ட்டிஷன் போட்டு, அரேயைப் புதிதாகக் கட்டினோம்.

இதனால்தான் ரெய்டு கட்டும் டிஸ்க்கில் எப்போதும் ஜிபிடி போட்டு, ஒரு பார்ட்டிஷன் உண்டாக்கி, அந்தப் பார்ட்டிஷனை அரேயில் சேருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். போர்டுக்கும் மற்ற இயங்குதளங்களுக்கும் இந்த டிஸ்க்கில் ஆள் இருக்கிறது என்று தெரியும். கடைசியில் ஒரு 100 எம்பி விட்டுவிடுங்கள். நாளைக்கு மாற்றாக வாங்கும் அதே அளவு டிஸ்க்கில் சில செக்டர் குறைவாக இருந்தாலும் பொருந்தும். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கினால், சேர்ப்பதற்கு முன் வைப்எஃப்எஸ் போட்டுப் பழைய சூப்பர்பிளாக்குகளையும், எஸ்ஜிடிஸ்க் கருவியின் ஜாப்-ஆல் தெரிவால் இரண்டு ஜிபிடிகளையும் துடைத்துவிடுங்கள். முந்தைய வீட்டுக்காரரின் ரெய்டு அடையாளம் ஒட்டிக்கொண்டிருந்தால், அது பூட் நேரத்தில் புதுக் குழப்பம் உண்டாக்கும்.

இதோடு சில முன்னேற்பாடுகளை எல்லாச் சர்வரிலும் செய்துவைக்கிறேன். எம்டிஏடிஎம் கான்ஃபிக்கில் மெயில் முகவரி கொடுத்து, மானிட்டரை டெஸ்ட் தெரிவோடு ஒருமுறை ஓட்டி, மெயில் உண்மையிலேயே போனுக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுவேன். அந்த ஆடிட்டர் ஆபீசில் இது மட்டும் இருந்திருந்தால் முதல் டிஸ்க் விலகிய அன்றே தெரிந்திருக்கும். டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறன்று அரே முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். சர்வரை வார இறுதியில் அணைத்துவிடும் ஆபீஸ்களில் அது நடக்காமலே போகலாம், அங்கே கிழமையை மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணிலும் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி வெளியே தெரிகிற பக்கம் ஒட்டிவிடுவேன். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். கெட்ட டிஸ்க் என்று நினைத்து நல்லதைக் கழற்றிவிட்டால் ரெய்டு 5 அங்கேயே படுத்துவிடும்.

எஃப்எஸ்டேப்பில் டேட்டா அரேக்கு நோஃபெயில் என்ற தெரிவையும், கூடவே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துவிட்டால், அரே வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். நான் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. அரே மவுன்ட் ஆகாமலே சாம்பா எழுந்துவிட்டால், ஊழியர்களுக்கு வெறும் ஃபோல்டர் தெரியும். அதில் புதிய கோப்புகளைப் போடத் தொடங்குவார்கள், அவை எல்லாம் சிறிய எஸ்எஸ்டியில் போய் விழும். பிறகு அரே மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துபோகும், தேடி அலைவார்கள். அதனால் அரே மவுன்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று அடைவுக்குச் சிஎச்ஏட்டர் கட்டளையால் இம்யூட்டபிள் குறியை வைத்துவிடுகிறேன். அரே இல்லாதபோது அதில் யாராலும் எழுத முடியாது. அரே மேலே வந்து உட்கார்ந்ததும் எல்லாம் வழக்கம்போல நடக்கும். இவ்வளவையும் முடித்ததும், நான் அங்கே இருக்கும்போதே சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து, பிறகு ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி இன்னொரு முறை ரீபூட் செய்து, குறையோடும் எழுகிறதா, மெயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்து ரீபில்டு முடிந்த பிறகுதான் கிளம்புவேன்.